வாடகைத்திணை: சென்னையில் குடும்பத்துக்கு வீடு தேடுவது குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

நிலத்தை ஐந்தாகப் பகுத்த முன்னோருக்கு, பிற்காலத்தில் ஹவுஸ் ஓனர் என்றோர் இனம் தோன்றும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. மலை, காடு, வயல், கடற்கரை, பாலை என்று எல்லாவற்றுக்கும் இலக்கணம் செய்தவர்கள், மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடியில் மெட்ரோ வாட்டர் வசதியோடு கிடைக்கும் டபுள் பெட்ரூம் வீட்டை விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை நிரப்பும் எளிய முயற்சி இது. ஆய்வின் எல்லை சென்னை மாநகரம். அதிலும் குடும்பங்கள் மட்டும். பேச்சிலர்களின் வரலாறு திருவல்லிக்கேணி மேன்ஷன்களோடு பிணைந்த தனித் துறை. அதை அத்துறை அறிஞர்களுக்கே விட்டுவிடுவோம்.

மரபுப்படி முதற்பொருளில் தொடங்க வேண்டும். முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும்.

வாடகைத்திணையில் நிலம் ரப்பரால் ஆனது. அண்ணா நகர் 1968ஆம் ஆண்டு உலக வர்த்தகக் கண்காட்சி நடந்த இடத்தை ஒட்டி, கோடு போட்டுத் திட்டமிட்ட குடியிருப்பு. கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரம் இன்றும் பூங்காவில் நிற்கிறது. ஆனால் புரோக்கரின் வரைபடத்தில் அதே அண்ணா நகர் திருமங்கலத்தைத் தாண்டி, முகப்பேரை விழுங்கி, அம்பத்தூர் வாசலில் போய்த்தான் மூச்சு வாங்கும். "போரூர் பக்கம்" என்றால் மாங்காடு. "தாம்பரத்துக்கு அடுத்தாப்புல" என்றால் கூடுவாஞ்சேரி. வீடு எவ்வளவு தூரம் வெளியே போனாலும் வாடகை மட்டும் பழைய இடத்தைவிட்டு நகர்வதில்லை என்பது நம் முதல் கண்டுபிடிப்பு.

இந்த நிலத்தின் தொன்மையையும் பார்க்க வேண்டும். தியாகராய நகர் 1920களில் ஏரியைத் தூர்த்து எழுந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு உண்டு. அங்கே எந்த ஜன்னலைத் திறந்தாலும் எதிர்வீட்டு ஜன்னல்தான் தெரியும். லேக் எங்கே என்று கேட்பவர்கள் பொறுமையாக டிசம்பர் வரை காத்திருக்க வேண்டும்.

இதனால் வீடு பார்க்கப் போகிறவர் தண்ணீர் குறித்து இரண்டு கேள்விகள் தயாராக வைத்திருப்பது வழக்கம். மே மாதத்தில் தண்ணீர் வருமா என்பது ஒன்று. நவம்பர், டிசம்பரில் வந்துவிடுமா என்பது மற்றொன்று. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் வில்லிவாக்கத்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த ஊர் இது. அதற்கு நான்கு ஆண்டுக்கு முன் 2015 டிசம்பரிலும், நான்கு ஆண்டு கழித்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தரைத்தளத்திலிருந்து படகில் ஆளை இறக்கிய ஊரும் இதுவே. ஓனர்கள் இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் வைத்திருக்கிறார்கள்: "நம்ம தெருவுல அந்தப் பிரச்சினையே இல்ல சார்."

வாய்மொழிச் சான்றை மட்டும் நம்புவது ஆய்வு நெறியாகாது. களப்பணியாளர் குளியலறைக் குழாயின் வாயைப் பார்க்க வேண்டும். வெள்ளை வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தால் போர் தண்ணீர். துணியும் வெளுக்காது, பருப்பும் வேகாது. அடுத்து, சுவரைப் பார்க்க வேண்டும். இடுப்பளவு வரைக்கும் ஒரு மஞ்சள், அதற்கு மேல் வேறொரு மஞ்சள் என்று இருந்தால், அந்தக் கோடு 2015இன் கல்வெட்டு. கதவு நிலையின் அடிப்பாகம் உப்பியிருக்கிறதா, பிளக் பாயிண்டுகள் மட்டும் ஏன் நெஞ்சு உயரத்தில் இருக்கின்றன என்பவை துணைச் சான்றுகள். தொல்லியல் துறை கீழடியோடு நின்றுவிடக் கூடாது.

பொழுதுக்கு வருவோம். பெரும்பொழுது ஏப்ரல், மே. பிள்ளைகளின் பள்ளி ஜூனில் திறப்பதால், எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் அலையும் காலம் அது. வாடகை உச்சியில் நிற்கும். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். டூ லெட் போர்டுகள் வெயிலில் வெளுத்துத் தொங்கும். ஓனரின் குரல் சற்றுக் குழையும். இந்தக் குழைவைப் பயன்படுத்திக்கொள்ளப் பகுத்தறிவாளர்களுக்கு இயற்கை ஆண்டுக்கு இரண்டு மாதம் கொடுத்திருக்கிறது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அதற்குச் சம்மதிப்பதில்லை. சிறுபொழுது ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு. அதற்கு மேல் ஓனர் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்.

கருப்பொருள்களில் தலையாயவர் புரோக்கர். ஒரு மாத வாடகை அவருக்குக் கூலி. அவருக்கென்று தனிக் கால அளவை உண்டு. "ஸ்டேஷன்லேர்ந்து அஞ்சே நிமிஷம்" என்று அவர் சொல்வது, காலை ஐந்து மணிக்கு, சிக்னல் எரியாத வேளையில், அவருடைய வண்டியில் என்று பொருள்படும். இப்போது அவர் எதிர்காலத்துக்கும் வாடகை வசூலிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார். "மெட்ரோ வரப்போவுது சார்" என்பதற்காக இன்றே கூடக் கொடுக்க வேண்டியிருக்கிறது. வாசலில் பள்ளமும் தூசியும் கிடந்தால் அதுவும் வளர்ச்சிக்கான சான்றாகவே காட்டப்படும்.

இனி ஆய்வின் மையப் பகுதி. குடும்பம் வீட்டைப் பார்க்கப் போகிறது என்று இதுவரை இத்துறையில் எழுதியவர்கள் கருதிவந்தனர். நேர்மாறானது உண்மை. வீட்டைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஹால், கிச்சன், ரெண்டு ரூம், சர்வீஸ் ஏரியா, முடிந்தது. மிச்ச நேரம் முழுக்க ஓனர் குடும்பத்தைப் பார்க்கிறார். மாதிரிக்கு நங்கநல்லூரில் பதிவான ஓர் உரையாடல்:

"எத்தன பேர் நீங்க?"

"அஞ்சு பேர் மாமி. நாங்க ரெண்டு பேர், ரெண்டு பசங்க, அம்மா."

"அம்மா கூடவே இருப்பாளா, வந்துட்டுப் போவாளா?"

"கூடவேதான் இருப்பாங்க."

"நடமாட்டமெல்லாம் இருக்கோல்லியோ?"

"நல்லா நடப்பாங்க மாமி."

"வயசு?"

"எழுபத்தெட்டு."

மாமி இதன் பிறகு அம்மாவைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. மின்விசிறியை அணைத்தார். வாடகை வீட்டில் ஒரு சாவு விழுந்தால் அடுத்த குடித்தனம் கிடைக்காது என்ற அச்சம் நகரெங்கும் உண்டு. அதை நேரடியாகச் சொல்லும் முரட்டுத்தனம் மட்டும் யாருக்கும் கிடையாது.

ஓனர்கள் ஏற்றுக்கொள்ளும் குடும்பத்தின் இலக்கணத்தைக் களத் தரவுகளிலிருந்து இப்படித் தொகுக்கலாம்: கணவன், மனைவி, சத்தம் போடாத ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளையும் வீட்டுக்குள் பந்து விளையாடாமல் நேராகக் கல்லூரிக்குப் போய்விட வேண்டும். உறவினர்கள் இருக்கலாம், ஆனால் அவர்கள் ஊரில் இருக்க வேண்டும். வக்கீல், போலீஸ், பத்திரிகைக்காரர், சினிமாக்காரர் ஆகிய நால்வருக்கும் வீடு தருவதில்லை என்பது எழுதாத சட்டம். ஏனென்று கேட்டால், "காலி பண்ணச் சொன்னா பண்ண மாட்டாங்க" என்பார்கள். இக்கட்டுரையாளரின் தொழிலும் அந்தப் பட்டியலில் இருப்பதால் நடுநிலையில் ஒரு சிறு சாய்வு நேர்ந்திருக்கலாம்.

பிறகு வருவது சொந்த ஊர். ஊர்ப் பெயரைச் சொன்னதும் நின்றுவிட்டால் அது புவியியல் ஆர்வம். "ஊருக்குள்ளேயா, வெளியிலயா? எந்தத் தெரு?" என்று அடுத்த கேள்வி விழுந்தால் அது புவியியல் அல்ல என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். "சுத்த சைவம்தானே?" என்பதும் சமையலைப் பற்றிய கேள்வி அல்ல. இஸ்லாமியப் பெயர்களுக்கு இவ்வளவு சுற்றல்கூடத் தேவைப்படுவதில்லை. தொலைபேசியில் பெயரைச் சொன்ன மறுகணமே, "இப்பதான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்" என்ற பதில் வந்துவிடும். அட்வான்ஸ் கொடுத்த அந்த ஒருவர் யாரென்று இன்றுவரை யாரும் கண்டதில்லை. போர்டு மறுமாதமும் அதே கேட்டில் தொங்கும். ஐந்து திணையிலும் இப்படியொரு கருப்பொருள் இல்லை என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு ஆய்வு மேலே செல்கிறது.

தேர்வில் தேறியவர்களுக்கு விதிமுறைகள் வாசித்துக் காட்டப்படும். அவற்றில் ஆய்வாளரைப் பெரிதும் கவர்ந்தது ஆணி. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. முந்தைய குடித்தனக்காரர் அடித்த ஆணிகளில் மாட்டிக்கொள்ளலாம். அவர் தம் வசதிக்கு ஏற்ப, டியூப்லைட்டுக்கு அடியில் ஒன்றும் கதவுக்குப் பின்னால் ஒன்றும் அடித்துவிட்டுப் போயிருப்பார். இதனால் நகரின் பல வீடுகளில் தாத்தா கதவுக்குப் பின்னால் தொங்குகிறார். பெருமாள் பிரிட்ஜுக்கு மேலே சாய்ந்து நிற்கிறார்.

மின்சாரத்துக்குத் தனி இயல் வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். இந்த இலவசம் மின்கம்பத்திலிருந்து புறப்பட்டு, ஓனரின் மெயின் மீட்டர் வரைக்கும் நலமாக வந்து சேர்கிறது. அங்கிருந்து சப் மீட்டருக்கு இறங்கும் வழியில் ஆவியாகிவிடுகிறது. கீழே குடித்தனக்காரருக்கு எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை. இயற்பியலாளர்கள் கவனிக்க வேண்டிய மின்னிழப்பு இது.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு மட்டுமே போடப்படுவதை வைத்து, ஓனர்கள் தனி நாட்காட்டி பின்பற்றும் குலத்தவர் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதுதான் காரணம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் எழுத்தில் ஒப்பந்தம் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. சொன்ன கையோடு, இருவரும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய என்று ஒரு சந்தும் திறந்துவைத்திருக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் சென்னையின் புகழ்பெற்ற பத்து மாத அட்வான்ஸ் இன்னும் போய்வருகிறது. இப்போது சில இடங்களில் ஆறு, ஐந்து என்று இறங்கியிருக்கிறது. வாடகை 25,000 என்றால் பத்து மாதத்துக்கு 2,50,000. ஒரு வட்டியும் இல்லாமல் ஓனரிடம் உறங்கும் இந்தப் பணம், காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழித்துக்கொண்டு, "அடுத்த ஆள் வந்ததும் தர்றேன்" என்ற வாக்குறுதியாக உருமாறும்.

ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால், வருமான வரிச் சலுகைக்கு ஓனரின் பான் எண்ணை அலுவலகத்தில் தர வேண்டும். அதைக் கேட்கும் நாளில் ஓனருக்குத் திடீரென்று காது மந்தமாவதைப் பலர் கண்டிருக்கிறார்கள். மருத்துவத் துறையினர்தான் இதை ஆராய வேண்டும்.

உரிப்பொருள் ஒன்றுதான் பாக்கி. குறிஞ்சிக்குக் கூடல், முல்லைக்கு இருத்தல் என்பதுபோல் வாடகைத்திணைக்கு உரியது "சொல்லி அனுப்புறோம்." எல்லாம் பிடித்துப்போய், வாடகையும் பேசி, காபியும் கொடுத்த பிறகு சொல்லப்படுவது இது. குடும்பம் படியிறங்கி வந்து, தெருமுனையில் நின்று, சோபாவை எந்தப் பக்கம் போடலாம் என்றுகூடப் பேசி முடித்துவிடும். போன் வராது. பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்து நாயகி சொந்த வீடு கட்டத் துணிந்ததற்கு, கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு அமையாததுதான் காரணம் என்பதை விமர்சகர்கள் போதுமான அளவு பேசவில்லை. அதற்கும் இருபது ஆண்டு முன்பே 'எதிர்நீச்சல்' படத்தில் நாகேஷ் மாடிப்படிக்கு அடியில் குடியிருந்து, மாடிப்படி மாது என்று பெயரும் வாங்கிவிட்டார். தரவுகள் கண்ணெதிரே கிடந்தும் பல்கலைக்கழகங்கள் இத்துறைக்கு ஓர் இருக்கைகூட அமைக்கவில்லை.

இருக்கை அமையும் வரை ஓனர்களிடம் ஒரு வேண்டுகோள். போர்டில் "வீடு வாடகைக்கு" என்பதோடு வாடகை எவ்வளவு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதையும் எழுதிவிடுங்கள். யாருக்கெல்லாம் தர மாட்டீர்கள் என்பதையும் கீழே எழுதிவிடுங்கள். தெருவில் போகிறவர்கள் படிப்பார்களே என்று கை கூசினால், வீட்டுக்குள் உட்காரவைத்துக் கேட்பதையும் விட்டுவிடுங்கள். எழுபத்தெட்டு வயதில் இரண்டு மாடி ஏறி இறங்குகிறவர்களின் முழங்காலாவது தப்பிக்கும்.