மையுண் பொறி: அகமும் புறமும்

இன்க்ஜெட் பிரிண்டரை அச்சடிக்கும் கருவிகளின் கணக்கில் சேர்த்தது வகைப்பாட்டுப் பிழை என்பது இக்கட்டுரையின் துணிபு. அது மை குடிக்கும் கருவி; இடையிடையே அச்சும் அடிக்கும். மறுக்க விரும்புவோர், போன வருடம் எத்தனை தாள் எடுத்தோம், எத்தனை கார்ட்ரிட்ஜ் வாங்கினோம் என்று ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து மறுக்கலாம்.

முன்னோரைப் பற்றிச் சிறிது. தாளைத் தொடாமல் மையால் எழுதும் யோசனை பழையது. பின்னாளில் கெல்வின் பிரபுவான வில்லியம் தாம்சன், தந்திக் குறிகளைப் பதிவதற்காக 1867-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். பிறகு சுவீடனின் ரூனே எல்ம்குவிஸ்ட், இதயத் துடிப்பை வரையும் கருவியில் மைத்தாரையைப் புகுத்தினார். 1958-இல் மனித உடலுக்குள் வைத்த முதல் பேஸ்மேக்கரை வடிவமைத்தவரும் அவரே. இதயத்தோடு பழகிய தொழில்நுட்பம் நமக்கு நெஞ்சுவலி தருவது அதன் பிற்கால வளர்ச்சி. 1977-இல் ஜப்பானின் கேனான் ஆய்வுக்கூடத்தில், சூடான சால்டரிங் அயர்ன் மை நிரம்பிய சிரிஞ்சின் ஊசியில் தவறிப் பட்டு, நுனியிலிருந்து மை தெறித்ததாம். சூட்டால் குமிழி உண்டாக்கித் துளியைத் தள்ளும் முறை அப்படிக் கிடைத்தது என்று அந்நிறுவனமே சொல்லிவருகிறது. சிரிஞ்சில் பிறந்த அது இன்று நம்மூர் ரீஃபில் கடையில் சிரிஞ்சாலேயே உயிர் பிழைத்திருக்கிறது.

இனிப் பொருளுக்கு வருவோம். மைச்செலவு அகம், புறம் என இருவகைப்படும். தாளில் விழுவது புறம். தாளையே பாராமல் பொறிக்குள் ஒழிவது அகம்.

புறச்செலவில் பொறியின் சிக்கனத்தைக் குறைசொல்ல வழியே இல்லை. ஒரு துளி நான்கு பிக்கோலிட்டர் என்று வைத்தால், ஒரு மில்லி லிட்டர் மையில் 25 கோடித் துளிகள். 2011 கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7.21 கோடி. ஆளுக்கு மூன்று துளி விநியோகித்தாலும் ரேஷன் கடையில் மிச்சம் இருக்கும். இவ்வளவு கணக்காகக் கிள்ளிக் கொடுக்கும் பொறியில், ஹால் டிக்கெட்டும் ஆதார் நகலும் மட்டுமே எடுக்கிற வீட்டில், கார்ட்ரிட்ஜ் எப்படிக் காலியாகிறது?

விடை அகத்தில் இருக்கிறது. மூடியைத் திறந்தால் வலது ஓரத்தில், மை தெளிக்கும் ஹெட் வந்து ஒதுங்கும் இடத்தில், சிறிய ரப்பர் தொட்டி ஒன்று தெரியும். பக்கத்தில் துடைக்க ஒரு ரப்பர் நாக்கு. ஹெட் வந்து உட்கார்ந்ததும் அந்தத் தொட்டி அதன் வாயைக் காற்றுப் புகாமல் கவ்விக்கொள்ளும். கீழே ஒரு பம்ப். ‘ஹெட் கிளீனிங்’ கொடுத்தவுடன் கர்புர்ரென்று கேட்பது அந்த பம்ப், ஹெட்டின் நுண்துளைகளான நாசில்கள் வழியாக நல்ல மையை உறிஞ்சி எடுக்கும் ஓசை. உறிஞ்சிய மை குழாய் வழியே அடியில் உள்ள பஞ்சுப் பேடுக்குப் போய்ச் சேர்கிறது. அச்சடிக்கும்போதும் நாசில் காய்ந்துவிடாமல் இருக்க, ஹெட் அவ்வப்போது ஓரமாகப் போய்ச் சில துளிகளைத் துப்பிவிட்டு வரும். அது துப்பும் இடத்துக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் பெயர் படிக்கம் என்பதுதான். வெற்றிலை மட்டும் பாக்கி.

பல மாடல்களில் எல்லா நிறங்களுக்கும் ஒரே தொட்டி, ஒரே பம்ப். கருப்பில் ஒரு கோடு விழவில்லை என்று கிளீனிங் கொடுத்தால் மஞ்சளும் மஜந்தாவும் சேர்ந்தே உறிஞ்சப்படும். வாழ்நாளில் ஒரு கலர்ப் படம்கூட எடுக்காத வக்கீல் அலுவலகத்தில் மஞ்சள் தீர்ந்துபோவது இப்படித்தான். மஞ்சள் இல்லாமல் கருப்பு மட்டும் அடிக்க மாட்டேன் என்று சில பொறிகள் முரண்டு பிடிப்பது வேறு கதை.

இந்த இடத்தில் நம் இல்லத்தரசிகளின் மின்சிக்கனத்தை ஆய்வு நோக்கில் அணுக வேண்டியிருக்கிறது. பிரிண்டரை அதன் பட்டனில் அணைத்தால் ஹெட் தொட்டியில் போய் ஒழுங்காக உட்கார்ந்துகொள்ளும். அச்சு ஓடும்போதே சுவர் சுவிட்சை அணைத்தால் ஹெட் நின்ற இடத்தில் வாய்திறந்து கிடந்து காயும். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் பல பொறிகள், எத்தனை நாள் கழித்து எழுந்தோமோ என்று ஐயப்பட்டு, ஒரு கிளீனிங்கோடுதான் நாளைத் தொடங்கும். மின்கட்டணத்தில் மிஞ்சிய சில்லறையைப் போல எத்தனையோ மடங்கு மை பேடுக்குப் போயிருக்கும்.

‘இத்தனை பக்கம் வரும் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறதே’ என்பது பரபக்கத்தார் வாதம். அந்த எண் ஐஎஸ்ஓ/ஐஇசி 24711 என்ற தரமுறைப்படி, சோதனைப் பக்கங்களைத் தொடர்ச்சியாக ஓட்டி எடுத்தது. பைபாஸில் நிற்காமல் ஓட்டிப் பார்த்த மைலேஜை ரங்கநாதன் தெருவில் எதிர்பார்ப்பது வண்டியின் குற்றமாகாது. மார்ச்சில் ஹால் டிக்கெட்டும் ஜூலையில் வருமானவரித் தாளும் எடுக்கிற வீட்டைத் தரமுறை அறியாது. இதிலிருந்து பெறப்படும் விதி: பிரிண்டரை எவ்வளவு குறைவாகப் பயன்படுத்துகிறோமோ, பக்கத்துக்கு அவ்வளவு அதிகம் மை செலவாகும்.

பேடுக்கும் ஆயுள் உண்டு. அது நிரம்பியதா என்று பல பொறிகள் பார்ப்பதில்லை. எவ்வளவு அனுப்பினோம் என்று எண்ணிக்கொண்டே வந்து, எண்ணிக்கை முடிந்த அன்று வேலைநிறுத்தம் அறிவித்துவிடும். சர்வீஸ்காரர் பேடை மாற்றி, சாஃப்ட்வேரில் கவுண்டரை ரீசெட் செய்தால்தான் திரும்பப் பேசும். கழற்றிய பேடைப் பார்க்க வாய்த்தவர்கள் பாக்கியசாலிகள். காசு கொடுத்து வாங்கிய நாலு நிறமும் கலந்து கன்னங்கரேலென்று ஊறிக் கிடக்கும்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. கார்ட்ரிட்ஜில் குழாய் செருகி, வெளியே மைப்புட்டிகளைத் தொங்கவிட்டார்கள். அதைப் பார்த்துத்தான் எப்சன் 2010-இல், முதலில் இந்தோனேசியாவில், தொட்டி வைத்த பிரிண்டரைத் தானே விற்க வந்தது. அகச்செலவு அங்கும் உண்டு. புட்டி மை மலிவு என்பதால் வயிறு எரிவதில்லை, அவ்வளவே.

ஹெட் காயாமலிருக்க வாரம் ஒரு கலர்ப் பக்கமாவது அடியுங்கள் என்பது எல்லா சர்வீஸ்காரர்களும் ஒருமனதாகச் சொல்லும் வைத்தியம். எதை அடிப்பது என்பதை அவர்கள் சொல்வதில்லை. எங்கள் வீட்டில் ஞாயிறுதோறும் ஒரு டெஸ்ட் பேஜ் எடுத்து, அதன் முதுகில் மளிகைப் பட்டியல் எழுதுகிறோம், பேனாவால்.