வாழ்க வள்ளல் மென்பொருள்!

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தான் என்று இன்னமும் பெருமை பேசுகிறோம். அவன் கொடுத்தது தன் தேரைத்தானே? வீட்டுக்காரனுக்கே தெரியாமல் அவன் பீரோவைத் தெருவுக்கு வழங்கிய வள்ளல்கள் 2000-களின் தொடக்கத்தில்தான் அவதரித்தார்கள். கசா, லைம்வயர் என்று பெயர். கணினிக்குக் கணினி நேரடியாகக் கோப்பு பரிமாறும் மென்பொருள்கள்.

கசாவின் பண்பைச் சொல்லியாக வேண்டும். பாட்டு எங்கே இறங்கட்டும் என்று பணிவோடு கேட்கும். நீங்கள் சி டிரைவையே காட்டினாலும் முகம் சுளிக்காது. இறங்கும் இடம்தான் ஊருக்குத் திறந்துவிடும் இடமும், உள்ளே இருக்கும் ஃபோல்டர்கள் அத்தனையும் கூடவே போகும் என்ற அற்ப விவரத்தையெல்லாம் விளக்கி உங்களைக் களைப்படையச் செய்யாது. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் அஞ்சல் பெட்டியா, வரிக் கணக்கா, யாவும் உலகத்தாருக்கே! 2002-இல் எச்.பி. ஆய்வகத்துக்காக நேத்தனியல் குட், ஆரன் கிரெக்கல்பெர்க் இருவரும் 12 பேரிடம் கசாவைக் கொடுத்து, இதில் எதெல்லாம் வெளியே போகிறது என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். வயிற்றெரிச்சல்காரர்கள் இதை வடிவமைப்புக் குறை என்பார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற அறத்தை இவ்வளவு சுத்தமாக நிரலில் எழுதியவர் வேறு யார்?

ஆவணக் கோப்புகள் வெளியேறாதபடி முதலிலேயே பூட்டி, வேண்டியவர் மட்டும் திறந்துகொள்ளட்டும் என்று விட்டிருக்கலாமே என்று சிலர் கேட்கிறார்கள். பூட்டுப் போட்டால் பயனரின் சுதந்திரம் என்னாவது! கொடுக்க வந்தவன் கையைப் பிடித்துத் தடுப்பதா நாகரிகம்?

இந்தக் கொடையின் அருமையை உணர்ந்தவர் சியாட்டில்காரர் ஒருவர். லைம்வயரில் தேடி முன்பின் தெரியாதவர்களின் வரிக் கணக்குகளை எடுத்தார். அவர்கள் பெயரிலேயே கடன் கணக்கு தொடங்கிப் பொருள்கள் வாங்கினார். நன்றிகெட்ட நீதிமன்றம் 2008-இல் அவரை 51 மாதம் சிறைக்கு அனுப்பியது. வாரி வழங்கிய வள்ளலுக்கு ஒரு நாள்கூடக் கிடையாது. வள்ளன்மை குற்றமா என்ன?

2007-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்த பிறகு, லைம்வயர் தன் ஐந்தாம் பதிப்பில் ஆவணங்களைத் தானாகப் பகிராதபடி அடைத்துவிட்டது. அதற்குப் புதிய விஞ்ஞானம் எதுவும் தேவைப்படவில்லை. ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். பெரியவர்களுக்கு நல்ல நாள் பார்க்கத் தெரியும்.

2010 அக்டோபரில் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம் லைம்வயரின் கோப்புப் பகிர்வை நிறுத்தச் சொன்னது. பாட்டுக் கம்பெனிகளின் பதிப்புரிமைக்காகத்தான். வீட்டுக்காரர்களின் வரிக் கணக்குகளுக்காக அல்ல.