ஆம்பளை உடம்பு

குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய முதல் நாடு இந்தியா, ஆண்டு 1952. பிறகு அதன் சின்னமான சிவப்பு முக்கோணம் சுவரெல்லாம் ஏறியது. 1968இல் வந்த நிரோத் ஆணுறை, டீத்தூளும் சோப்பும் விற்கும் கம்பெனிகளின் வண்டியேறிப் பெட்டிக்கடை வரை போனது. மூன்று பதினைந்து காசு. ஆக, வசதிக்குக் குறைவில்லை. ஆண்களின் உடல்நிலைதான் ஒத்துழைக்கவில்லை.

தழும்பில்லாத ஆண் கருத்தடை சில நிமிட வேலை, தையல்கூட வேண்டாம். பெண்ணுக்கோ வயிற்றில் கீறல். நம் குடும்பங்கள் தீர யோசித்து, கடினமானதைப் பெண்ணுக்கே ஒதுக்கின. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மணமான பெண்களில் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் 37.9 சதவீதம். கணவர் செய்துகொண்ட வீடுகள் 0.3 சதவீதம்.

“மூட்டை தூக்குற உடம்பு, சத்துப் போயிடும்” என்பார் மாமியார். மூன்று பிரசவம் பார்த்த மருமகள் உடம்பு இரும்பு போலும்.

நெருக்கடி நிலைக் காலத்தில் ஆண்களைப் பிடித்துப்போய்க் கருத்தடை செய்தார்கள். 1977 தேர்தலில் ஆட்சி போனது. யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்று அரசு பாடம் கற்றிருக்கலாம். ஆணைத் தொடக்கூடாது என்று கற்றுக்கொண்டது.

இப்போது பெண்ணுக்குத் தருவதைவிட ஆணுக்கு ஊக்கத்தொகை அதிகம். நவம்பரில் தொடங்கி ஆண்களுக்கென்றே இருவாரப் பிரசாரமும் நடக்கிறது. கணவர்கள் மறுப்பதில்லை. “வீட்டுல ஒரு வார்த்தை கேட்டுட்டு வரேன்” என்கிறார்கள். இந்த ஒரு விஷயத்திலாவது மனைவியின் சம்மதம் தேவைப்படுகிறதே!