பேரை ஒளிச்சு வை, தாயி

வா தாயி, திண்ணையில இப்படி உக்காரு. மூணாம் வகுப்புக்கு நீ எழுதிப் போட்ட காகிதத்தை என் பேத்தி நேத்து ராத்திரி பூரா ஒப்பிச்சா. மாட்ரிகல், மோட்டெட், பாலிஃபொனி, பவான், காலியார்ட், லூட், ஷாம், சாக்பட். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. என்னாடி இதெல்லாம்னேன். “ஐரோப்பாவுல மறுமலர்ச்சிக் காலத்துப் பாட்டு தாத்தா, பத்து மார்க்கு”ன்னா. சரி, சாக்பட்டை ஊதணுமா, அடிக்கணுமான்னேன். அது பரீட்சைக்கு இல்லையாம்.

உன்னைக் குத்தம் சொல்லலை. காட்டூர்ல, தஞ்சாவூர் ரோட்டு லாரி ஆரனுக்கு நடுவுல நின்னுகிட்டு வெனிஸ் பட்டணத்துப் பாட்டைச் சொல்லித்தர நெஞ்சுல தெம்பு வேணும். ஆனா மளிகை லிஸ்டைப் படிச்சுக் காட்டினா புள்ளைக்குப் பசி அடங்குமா?

உன் புத்தகத்தைப் பேரனை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதுல ஒரு கை படம் இருக்கே, நீ தாண்டிப் போயிட்டியே, அதான் விஷயம். கைடோங்கிற துறவி பேரால வழங்குற கை. இடது கை கட்டைவிரல் நுனியில தொடங்கி, விரல் கணுவுக்குக் கணு ஒரு சுரம். வாத்தியாரு தன் கையை நீட்டி ஒரு கணுவைத் தொடுவாரு, பொடிசுங்க அதைப் பாடும். ஊத், ரே, மீ, ஃபா, சோல், லா. பல குரல் பாட்டைப் பெத்ருச்சிங்கிறவர் 1501-ல வெனிஸ்ல அச்சுப் போட்டாருதான். ஆனா அந்தப் புஸ்தகத்தை எந்தப் புள்ளை விலை கொடுத்து வாங்கும்? கைதான் அதுக்குப் புஸ்தகம். பாட்டுக் கட்டின உன் பாலஸ்த்ரீனா இருக்காரே, அவரும் 1537-ல ரோமாபுரிக் கோயில்ல பாடின வாண்டுதான். பன்னெண்டு வயசு இருக்கும். அவருக்கு முன்னாடி யாரும் பத்து மார்க்குக் காகிதம் நீட்டலை.

நம்ம கை மட்டும் சும்மாவா இருக்கு? ஆதிதாளம் போடு பாப்போம். ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். அப்புறம் தட்டு வீச்சு, தட்டு வீச்சு. எட்டு ஆச்சா? என் பேத்தி இதை இட்லி தின்னுகிட்டே போடுவா. லகுன்னா என்னான்னு கேட்டா முழிப்பா. முழிக்கட்டும், என்ன கெட்டுச்சு?

நம்ம ஆளுங்களும் யோக்கியமில்லை, அதையும் சொல்லிடறேன். சரளி வரிசை, ஜண்டை வரிசையெல்லாம் புரந்தரதாசர் வகுத்ததும்பாங்க. அவர் காலம் 1484-லேருந்து 1564-ம்பாங்க. உன் பாலஸ்த்ரீனா ரோம்ல பாடித் திரிஞ்சப்ப இவரு கன்னட தேசத்துல பாடித் திரிஞ்சாரு. அவரு போட்ட தடத்துல முதல்ல வாய், கூடவே கை, பேரு கடைசியில. இன்னைக்கு என்னான்னா, மேளகர்த்தா ராகம் எழுபத்திரண்டையும் மூச்சுவிடாம ஒப்பிக்குது ஒரு குழந்தை. அம்மாக்காரி அதைப் படம்புடிச்சு வாட்ஸப்புல போடுறா. ரெண்டு ராகத்தைப் பாடிக்காட்டி எது எதுன்னு கேளு, குழந்தைக்குத் திடீர்னு தண்ணி தவிக்கும்.

நான் சொல்ற தந்திரம் இதுதான். பேரை ஒளிச்சு வை. நாலு பெஞ்சு இருக்குல்ல, மோகனத்துல ஒரு சின்ன வரி எடு. அஞ்சு சுரந்தான், எப்படி மோதினாலும் காது கூசாது. முதல் பெஞ்சு பாதி வரி பாடினதும் ரெண்டாவது பெஞ்சு முதல்லேருந்து தொடங்கட்டும். அப்புறம் மூணாவது, நாலாவது. ஒண்ணை ஒண்ணு துரத்திக்கிட்டு ஓடும், அதான் உன் பாலிஃபொனி. முதல்ல ரகளைதான், ஹெட்மாஸ்டர் எட்டிப் பாப்பாரு. நீ கவலைப்படாதே, மேற்கத்திய சங்கீதம்னு சொல்லு, போயிடுவாரு. ரெண்டு நாள்ல ஏதாவது ஒரு வாண்டு, “டீச்சர், இதுக்கு என்னா பேரு?”ன்னு கேக்கும். உடனே சொல்லிடாதே. நாளைக்குச் சொல்றேன்னு ஏங்கவிடு.

காலியார்ட் ஆட்டமும் அப்படித்தான். ஆறு எண்ணிக்கைக்குள்ள அஞ்சு காலடி, அதுல ஒரு தாவல். தகிட தகிடன்னு சொல்லிக்கொடுத்துத் தாவவிடு. அதுக்கு முன்னாடி பவான், ரெண்டு ரெண்டா ஜோடி சேந்து, மாப்பிள்ளை அழைப்புக்குப் போற மாதிரி மெதுநடை. இங்கிலாந்து முதலாம் எலிசபெத் ராணியே காலியார்ட்டு ஆடினவ. உன் புள்ளைங்க ஆடினா சுவரா இடிஞ்சிடும்?

ஷாமுக்குப் படம் காட்டாதே. ஸ்ரீரங்கத்துல சாமி புறப்பாட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நாகசுரக்காரர் சீவாளியை நாக்குல நனைக்கிறதைக் கிட்ட நின்னு பாக்கட்டும். ஷாமும் அதே ஜாதி, ரெட்டை நாக்குக் குழல். ஐரோப்பாவுலேயும் வீதிக்கு ஷாமும் சாக்பட்டும், வீட்டுக்குள்ள மெல்லிசா லூட். இங்கே வீதிக்கு நாகசுரம், வீட்டுக்குள்ள வீணை. இதைப் புள்ளைங்களே கண்டுபுடிச்சு உனக்குச் சொல்லும். அப்ப நீ அதிசயப்படுற மாதிரி நடி.

இன்னொண்ணு. அந்தக் காலத்து ஐரோப்பாக்காரர் ஒருத்தர் நம்ம கடற்கரைக்கே வந்து வாத்தியார் வேலை பாத்திருக்காரு. சவேரியார். 1542-ல முத்துக்குளித்துறைக்கு வந்தாரு. கையில மணியை ஆட்டிக்கிட்டே தெருத்தெருவாப் புள்ளைங்களைக் கூட்டி, ஜெபத்தைத் தமிழ்ல வாய்ப்பாடமா சொல்ல வச்சாரு. படிச்சதை வீட்டுல ஆத்தா அப்பனுக்குச் சொல்லிக்கொடுங்கன்னு அனுப்புனாரு. நீயும் அப்படி அனுப்பு. காகிதத்தை மட்டும் அனுப்பாதே, ஒப்பிக்கிறதைக் கேட்டுக் கேட்டு என் தூக்கம் போச்சு.

வர்ற வெள்ளிக்கிழமை உன் வகுப்புக்கு நானும் வர்றேன். பவானுக்கு ஜோடி குறைஞ்சா நடக்கிறேன், முட்டி தாங்கும். தாவுறதுக்கு அந்த ஹெட்மாஸ்டரைக் கூப்பிட்டுக்க.