கொட்டானுக்கு எதற்கு மூன்று கேமரா?

ஐந்தொகைக் கணக்குப் போட்டு ஊரை ஆண்ட செட்டிநாட்டில், கைப்பேசி வாங்கும்போது மட்டும் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஒக்கூரில் ஓய்வு நேரத்தில் பனையோலைக் கொட்டான் முடைந்து விற்பவர், 'தொழிலுக்குத்தான்' என்று சொல்லி 20,000 ரூபாய்க்கு மூன்று கேமரா வைத்த கைப்பேசி ஒன்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். அதில் 3,000 ரூபாய்க்கு மேல் ஜிஎஸ்டி. 2020 ஏப்ரலிலிருந்து 18 சதவீதம். மூன்று வருடம் உழைத்தால் மாதம் 555 ரூபாய், ரீசார்ஜ் ஒரு 300. கொட்டானுக்கு 50 ரூபாய் நின்றாலும், மாதத்தின் முதல் பதினேழு கொட்டான் கைப்பேசிக்கே சீதனம்.

பணம் வாங்க வேண்டாமா என்பார்கள். அச்சடித்த கியூஆர் அட்டை போதும். வரவைச் சொல்லக் குறுஞ்செய்தி வரும். பட்டன் போனிலேயே பணம் அனுப்ப 2022இல் யுபிஐ 123பே வந்துவிட்டது. சிங்கப்பூர்க் கல்யாண ஆர்டர் வாட்ஸ்அப்பில்தானே வருகிறது என்பது நியாயமான கேள்வி. அதற்கு 8,000 ரூபாய்க் கைப்பேசி தாராளம். 108 மெகாபிக்சலில் எடுத்தாலும் வாட்ஸ்அப் வழக்கமாக அதைச் சுருக்கித்தான் அனுப்பும். வீட்டுக்கும் உதவுமே என்றால், செலவை வீட்டுக் கணக்கில் எழுதலாமே. பாவம், கொட்டான் தலையில் ஏன்? மிச்சப் பணத்தில் சாயமேற்றிய ஓலை வாங்கலாம்தான். ஆனால் ஓலைக்கு யாரும் வட்டியில்லாத் தவணை தருவதில்லை.