லோக்பால் சமூகத்துக்கு, குறித்த படிவத்தில் இல்லாத ஒரு மனு

பெறுநர்: மாண்புமிகு லோக்பால் தலைவர் மற்றும் உறுப்பினர்கள், புது தில்லி.

பொருள்: ஊழல் ஒழிப்பு – தங்கள் மீது எந்த அரசுக்கும் கோபம் வராதது – வருத்தம் தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. 1968-ஆம் ஆண்டு லோக்பால் மசோதா. 2. 2013-ஆம் ஆண்டு லோக்பால், லோக் ஆயுக்தா சட்டம். 3. 2025 அக்டோபர் கார் டெண்டர்.

ஐயா,

இது ஊழல் புகார் அல்ல. ஆகவே முத்திரைத்தாளில் பிரமாணப் பத்திரம், அடையாள அட்டை நகல் எதையும் இணைக்கவில்லை. தங்கள் அலுவலகத்தில் படிவத்துக்கு உள்ள மரியாதை எனக்குத் தெரியும். 2022-23இல் வந்த 2,760 புகார்களில் 242தான் குறித்த படிவத்தில் இருந்தன என்று நாடாளுமன்றக் குழுவிடம் கணக்குக் கொடுத்தீர்கள். லஞ்சம் வாங்குகிறவர் எந்தப் படிவத்திலும் எழுதி வாங்குவதில்லை. எழுத வேண்டிய பொறுப்பைச் சட்டம், பணத்தைப் பறிகொடுத்தவனிடம் ஒப்படைத்திருக்கிறது. அவன் எழுதியது பொய்ப் புகார் என்று முடிவானால் ஓராண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. நியாயம்தான். யாராவது ஒருவர் உள்ளே போகத்தானே வேண்டும்?

பார்வை 1-இல் கண்ட மசோதா சட்டமாக 45 ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஆண்ட கட்சிகளெல்லாம் ஊழலை எதிர்த்துத்தான் ஆண்டன. பெரும்பாலான மசோதாக்கள் அவை கலைந்தோ ஆட்சி கவிழ்ந்தோ காலாவதியாயின. 2011இல் அண்ணா ஹசாரே லோக்பால் கேட்டு ராம்லீலா மைதானத்தில் பட்டினி கிடந்த பிறகுதான் கட்சிகளுக்குப் பசித்தது. 2014 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தலைவர் வந்தது 2019 மார்ச்சில், அதாவது அடுத்த பொதுத் தேர்தல் வாசலில் நின்றபோது. தேர்வுக் குழுவில் இடம்பெற அங்கீகரிக்கப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர் இல்லை என்பது அந்த ஐந்தாண்டுக்குச் சொல்லப்பட்ட காரணம். மக்களவையில் காங்கிரஸ் தலைவராக இருந்த மல்லிகார்ஜுன கார்கேயைச் 'சிறப்பு அழைப்பாளர்' என்று கூப்பிட்டார்கள். வாக்கில்லாமல் வந்து உட்கார்வதற்கு நான் எதற்கு என்று அவர் வரவில்லை. கடைசியில் ஐந்தாண்டு நாற்காலியைக் காலியாக வைத்த காரணம் அப்படியே இருக்க, அவர் இல்லாமலே நியமனம் முடிந்தது.

முதல் அலுவலகம் தில்லியின் அசோக் ஐந்து நட்சத்திர ஓட்டல். மாத வாடகை ஏறத்தாழ 50 லட்சம். பார்வை 3-இல் கண்ட டெண்டர், ஏழு பி.எம்.டபிள்யூ. கார்களுக்கானது. ஊர் சிரித்த பிறகு அதை ரத்து செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. ஊழல் வேகமாக ஓடுகிறதே, துரத்திப் பிடிக்க நல்ல வண்டி வேண்டாமா என்று நான் தங்கள் பக்கமே பேசினேன். ஆனால் துரத்த ஆள்? சொந்த விசாரணைப் பிரிவுக்குப் பல ஆண்டுகள் இயக்குநரே இல்லை. புகார்கள் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கோ சி.பி.ஐ.க்கோ போயின. சி.பி.ஐ. பணியாளர் துறையின் கீழ் வருகிறது. அந்தத் துறை பிரதமரிடம் இருக்கிறது.

பிரதமர் மீதும் புகார் கொடுக்கலாம் என்பதை நன்றியோடு குறிப்பிடுகிறேன். வெளியுறவு, உள்நாட்டு வெளிநாட்டுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, அணுசக்தி, விண்வெளி நீங்கலாக. மற்றவற்றிலும் முழு அமர்வு கூடி, மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்பினால்தான் விசாரணை. அதுவும் மூடிய அறையில். தள்ளுபடியானால் ஆவணங்களை யாருக்கும் காட்டக்கூடாது. கர்ப்பக்கிரகத்தில்கூடத் தீபாராதனைக்குத் திரை விலகுகிறது, ஐயா.

2023 வரை ஒருவர் மீதும் தாங்கள் வழக்குத் தொடுக்கவில்லை என்று அதே நாடாளுமன்றக் குழு குறைபட்டது. அதன்பின் விரல்விட்டு எண்ணும் அளவு வழக்குகளுக்கு அனுமதி தந்திருக்கிறீர்கள். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகளும் தங்கள் வரம்புக்குள் வருவார்கள் என்று ஆணையிட்டீர்கள். அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதற்குத் தடை போட்டது. ஒரு தடை வாங்கவாவது முடிந்ததே என்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

ஏனெனில் மாநில அளவில் தங்கள் வேலையைச் செய்யும் கர்நாடக லோக் ஆயுக்தாவைப் பாருங்கள். அதற்குச் சொந்தமாகக் காவல் பிரிவு இருந்தது. 2011 ஜூலையில் அதன் தலைவர் நீதிபதி சந்தோஷ் ஹெக்டே கொடுத்த சட்டவிரோதச் சுரங்க அறிக்கை, மாநிலத்துக்கு 16,085 கோடி ரூபாய் இழப்பு என்றது. நாலு நாளில் முதல்வர் எடியூரப்பா பதவி விலகினார். சுதந்திரமான அமைப்பு ஊழலைத் தொட முடியுமா என்று கேட்பவர்களுக்குப் பெங்களூரு பதில் சொல்லியாயிற்று. பிறகு என்ன நடந்தது? 2015இல் அந்த அலுவலகத்துக்குள்ளேயே மிரட்டிப் பணம் பறிப்பதாகப் புகார் எழுந்து, அப்போதைய தலைவரின் மகன் கைதானார், தலைவர் விலகினார். திருத்த வேண்டிய அரசுக்கு அது நல்ல சாக்கு. 2016இல் ஊழல் தடுப்புப் பிரிவு என்று தன் கைக்குள் ஒன்றைத் தொடங்கி, லோக் ஆயுக்தாவின் போலீஸ் அதிகாரத்தை எடுத்துக்கொண்டது. அடிபட்டது பா.ஜ.க. முதல்வர், கம்பைப் பிடுங்கியது காங்கிரஸ் அரசு. இந்த விஷயத்தில் மட்டும் கட்சி வேற்றுமை கிடையாது. 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கலைத்த பிறகே அதிகாரம் திரும்பி வந்தது.

ஓர் அமைப்புக்குப் பல் இருக்கிறதா என்பதை அதன் சட்டத்தில் தேட வேண்டியதில்லை. அதைப் பிடுங்க யாராவது வந்தார்களா என்று பார்த்தால் போதும். தங்கள் சம்பளத்தையோ, அதிகாரத்தையோ, கட்டடத்தையோ பறிக்க இதுவரை எந்த மத்திய அரசும் துடிக்கவில்லை. என் வருத்தம் அதுதான்.

ஆகவே சமூகம் அவர்கள் கருணைகூர்ந்து, வெள்ளைத்தாளில் வரும் புகாரையும் படிக்கவும், சொந்தப் புலனாய்வுக்கு ஆள் சேர்க்கவும், தள்ளுபடி செய்த காரணத்தை ஊரறியச் சொல்லவும் வேண்டுகிறேன். இவற்றைச் செய்தால் கூடிய சீக்கிரம் தங்களை முடக்க ஒரு திருத்த மசோதா வரும். அன்று தெருவில் இறங்கித் தங்களுக்காகக் கோஷம் போட நான் தயார். இப்போதைக்கு அதற்கு அவசியம் எழவில்லை.

இப்படிக்கு,
தங்கள் அதிகார வரம்புக்குள் வராத ஒரு குடிமகன்.

நகல்: சி.பி.ஐ. இயக்குநர் அவர்களுக்கு, உரிய மேலிடத்தின் முன் அனுமதி கிடைத்தபின் பிரித்துப் படிக்க.