உடைஞ்ச காலுக்கு வரி உண்டா, மருமகனே?

டல்லாஸ்ல ஞாயித்துக்கிழமை லீக் மேட்ச்ல பவுண்டரிக்குப் போற பந்தைப் பாய்ஞ்சு தடுக்கப் போய் கணுக்காலை உடைச்சுக்கிட்டியாமே. நாலு ரன்னும் போச்சு, காலும் போச்சுன்னு உங்கம்மா அழுதா. அழுது முடிச்ச கையோட இன்னொண்ணும் சொன்னா. காலை உடைச்சதுக்கு இன்சூரன்ஸ்காரன் 6,500 டாலருக்குச் செக் அனுப்பிட்டானாம், அதை வருமானமாக் காட்டணுமா வேண்டாமான்னு தெரியாம நீ ராத்தூக்கம் கெட்டுக் கெடக்கியாம். கால் வலியில தூங்காதவனுக்கு மாத்திரை இருக்கு. வரிக்குப் பயந்து தூங்காதவனுக்கு மாமன்தான் இருக்கேன்.

விருதுநகர்ல வத்தல் கமிஷன் கடையில கணக்கெழுதினவனுக்கு அமெரிக்கச் சட்டம் என்ன தெரியும்னு நெனைக்காதே. உங்க அத்தை மகளுக்குப் பிரசவம் பாக்க அமெரிக்காவுல எடிசன் ஊருக்கு வந்தப்ப, பனியில வாசலைத் தாண்ட முடியாம, மாப்பிள்ளையோட வரிப் பேப்பரைத்தான் எடுத்து வச்சுப் படிச்சேன். டிவி சீரியலைவிட நல்லா இருந்துச்சு. அதுல செத்தவன் யாரும் திரும்பி வரலை, அவ்வளவுதான் குறை.

உன்னோட பெரிய ஹெல்த் இன்சூரன்ஸ் ஆஸ்பத்திரிக்காரனுக்குப் பணம் கட்டும். இப்பச் செக் அனுப்பினது நீ தனியா வச்சிருக்கிற ஆக்ஸிடெண்ட் பாலிசி; இந்தத் துணைப் பாலிசி உன் பேருக்கே செக் எழுதும். அதுக்கு ஒரு விலைப்பட்டியல் இருக்கு பாரு, அதைப் படிச்சுட்டு நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். கணுக்காலுக்கு இவ்வளவு, விலா எலும்புக்கு இவ்வளவு, சுண்டு விரலுக்கு இவ்வளவு. கத்தி வச்சு ஆபரேஷன் பண்ணினா ஒரு ரேட், வெறும் கட்டுப் போட்டா அதுல குறைச்சல். ஆம்புலன்ஸ்ல ஏறினதுக்குத் தனிக்காசு. பில் எவ்வளவு ஆச்சுன்னு கேக்கமாட்டான்; எலும்பு எதுன்னுதான் கேப்பான். ஜார்ஜியா மாநிலத்துக் கொலம்பஸ்ல 1955ல ஆரம்பிச்ச ஆஃப்லாக் கம்பெனி, 2000 வாக்குலேர்ந்து ஒரு வாத்தை டிவியில கத்தவிட்டே இந்தச் சரக்கை விக்குது. நம்ம ஊரு வாத்து வெறும் முட்டைதான் போட்டுச்சு.

சரி, விஷயத்துக்கு வா. அங்க வரி வசூலிக்கிற ஐ.ஆர்.எஸ்.காரன் உன் எக்ஸ்ரேயைப் பாக்கமாட்டான். பிரீமியத்தை யார் கட்டினா, எந்தப் பணத்துல கட்டினான்னுதான் பாப்பான். உன் சம்பளச் சீட்டை எடு. வரி பிடிக்கிறதுக்கு முன்னாடி ப்ரீ-டாக்ஸ்னு ஒரு பிடித்தம் இருக்கும், வரி பிடிச்ச பிறகு போஸ்ட்-டாக்ஸ்னு இன்னொண்ணு இருக்கும். இந்தப் பாலிசிக்குப் பிரீமியமா மாசா மாசம் போற அந்த 25 டாலர் எதுக்குக் கீழ நிக்குது? நீ பாத்திருக்கமாட்டே. கடைசி வரியில கையில வர்ற தொகையை மட்டும் பாத்துட்டு மூடி வைக்கிற ஆளு நீ.

போஸ்ட்-டாக்ஸ்ல நின்னா கவலையே இல்லை. வெளியில நீயே ஒரு ஏஜெண்ட்கிட்ட வாங்கி உன் பேங்குலேர்ந்து கட்டியிருந்தாலும் அதே கதைதான். சந்தைக்குள்ள நுழையும்போதே வாசல் வசூல் கட்டிச் சீட்டு வாங்கினவன்கிட்ட, வெளிய வரும்போது எவனும் கை நீட்ட முடியாது. வரி கட்டின பணத்துல பிரீமியம் போயிருக்கு. அதனால 6,500மும் முழுசா உனக்கு. அவங்க வருமான வரிச் சட்டத்துல 104ஆம் பிரிவு இதைச் சொல்லுது. கைக்காசு 2,500 டாலர்தான் செலவாச்சு, மிச்சம் 4,000 லாபம்தானேன்னு உன் பொண்டாட்டி கேட்டாலும், லாபம்தான், ஆனா வரி இல்லை. காலை உடைச்சு லாபம் பாத்த முதல் ஆளு நம்ம குடும்பத்துல நீதான்.

ப்ரீ-டாக்ஸ்ல நின்னா கதை வேற. 1978லேயே 125ஆம் பிரிவுன்னு ஒண்ணு கொண்டு வந்து, ஆபீஸ் மூலமாப் போற பிரீமியத்தை வரிக்கு முன்னாடியே கழிச்சுக்க வழி பண்ணிட்டாங்க. கம்பெனியே ஓசியில கட்டினாலும் இதே கணக்குதான். அப்பிடி வந்த பணத்துல, வேற யாரும் திருப்பித் தராத மருத்துவச் செலவு எவ்வளவோ அது வரைக்கும் வரி இல்லை. அதுக்கு மேல உள்ளது வருமானம். உன் கணக்குல 2,500 தப்பிச்சுது, 4,000 மாட்டிக்கிச்சு. 22 சதவீதத் தட்டுல இருக்கிறவனுக்கு மத்திய வரி மட்டும் 880 டாலர். ஃபாரம் ஒண்ணும் தபால்ல வரலையேன்னு நீ குஷியாகாதே. சீட்டு வரலேங்கிறதுக்காகக் கடன் தீந்து போச்சுன்னு எந்தக் கடையிலயும் பேரேட்டை மூடினதில்லை.

இப்ப வேடிக்கையைக் கேளு. 25 டாலர் வீதம் வருஷத்துக்கு 300. அதை ப்ரீ-டாக்ஸ்ல கட்டுறதால 22 சதவீத வரியும், சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர்னு பிடிக்கிற 7.65 சதவீதமும் மிச்சம். ஆக வருஷத்துக்கு 89 டாலர். பத்து வருஷம் காலை உடைக்காம இருந்தா 890. ஒரு தடவை உடைச்சா 880 போச்சு. பத்து வருஷத்துக்கு ஒரே ஒரு தடவை விழுறவனுக்கு ரெண்டும் ஒண்ணு. நீ ஃபீல்டிங் பண்ற லட்சணத்துக்கு, மருமகனே, போஸ்ட்-டாக்ஸ்தான் சரி.

இதைவிடப் பெரிய கெட்டிக்காரங்க இருந்தாங்க. மாசம் 1,200 டாலர் பிரீமியத்தை ப்ரீ-டாக்ஸ்ல வாங்குறது, உடம்பைப் பேணுறேன்னு எதையாவது செஞ்சா அதுக்குப் பரிசா மாசம் 1,000 டாலரைத் திருப்பிக் குடுக்கிறதுன்னு ஒரு திட்டம். சம்பளம் இந்தப் பக்கமாப் போய் அந்தப் பக்கமா வரியில்லாம வந்துடும்னு பாத்தாங்க. 2023ல ஐ.ஆர்.எஸ். வக்கீலுங்க உக்காந்து ஒரு குறிப்பு எழுதினாங்க: செலவே ஆகாம வர்ற காசு சம்பளம்தான், வரியும் உண்டு, மத்த பிடித்தமும் உண்டு. நம்ம மண்டியில கழிவு போட்டு வாங்கிட்டு அதே கழிவைக் கமிஷன்ல கேட்டவனை முதலாளி இதைவிடச் சுருக்கமா அனுப்பிவிடுவாரு.

வேலைக்குப் போக முடியாத நாளுக்குச் சம்பளத்துல பாதியோ முக்காலோ தர்ற டிஸெபிலிட்டி பாலிசி வச்சிருக்கியா? அதுல செலவைக் காட்டித் தப்பிக்கிற பேச்சே கிடையாது. பிரீமியம் கம்பெனி கட்டினாலோ, ப்ரீ-டாக்ஸ்ல போனாலோ, வர்ற பணம் முழுசும் வருமானம். ரெண்டு பேரும் பங்கு போட்டுக் கட்டியிருந்தா, கம்பெனி பங்குக்குத் தக்கபடி வரி. வருமானத்துக்குப் பதிலா வந்தது வருமானம்தானே, இதுல நான் அவங்க பக்கம்.

அப்புறம் இன்னொரு ஆசையையும் விட்டுரு. மருத்துவச் செலவு, சில கழிவு போக உள்ள உன் மொத்த வருமானத்துல 7.5 சதவீதத்தைத் தாண்டினா, தாண்டினதைக் கழிச்சுக்கலாம்னு ஒரு சலுகை இருக்கு. இன்சூரன்ஸ் திருப்பித் தந்த செலவை அதுல எழுதக் கூடாது. ஒரே பில்லைக் காட்டி ரெண்டு கடையில பணம் வாங்குற பழக்கம் உங்க அப்பாவோட போகட்டும்.

அக்டோபர், நவம்பர்ல ஆபீஸ்ல பாலிசியை மாத்திக்க ஜன்னல் திறப்பாங்க. அப்ப ஹெச்.ஆர். பொண்ணுக்கு மெயில் போட்டு, இந்த ஆக்ஸிடெண்ட் பாலிசியைப் போஸ்ட்-டாக்ஸ்ல போட முடியுமான்னு கேளு. சில கம்பெனி விடும், சில கம்பெனி விடாது. அவ உடனே, உங்கள் வரி ஆலோசகரைக் கேளுங்கள்னு பதில் போடுவா. அந்த ஆலோசகர் விருதுநகர்ல திண்ணையில உக்காந்திருக்கான்னு மட்டும் அவகிட்ட சொல்லிராதே.